மரச்சட்டகத்தில் ஒரு நகர மண்டபம்: லெஸ்டர் கில்டுஹாலின் கதை

இங்கிலாந்தின் பழைய ஊர்களைக் காட்டும் படங்களில் ஒரு வகைக் கட்டடம் அடிக்கடி கண்ணில் படும். வெள்ளைச் சுவர், அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கறுத்த மரங்கள், கொஞ்சம் கோணிக்கொண்ட ஜன்னல்கள். யாரோ வசதியானவர் வீடு என்றுதான் முதலில் தோன்றும். பல இடங்களில் அது வீடேதான். ஆனால் சில ஊர்களில் இதே போன்ற கட்டடத்துக்குள் மேயர் உட்கார்ந்து ஊரை நிர்வகித்திருக்கிறார், நீதிபதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், நாடகம் நடந்திருக்கிறது, திருடனைப் பிடித்து அடைத்தும் வைத்திருக்கிறார்கள். இந்த மண்டபங்களைக் கில்டுஹால் என்பார்கள்.

நகராட்சி அலுவலகம் என்றே கட்டப்பட்ட மண்டபங்களும் அந்தக் காலத்தில் உண்டு. ஜெர்மனியின் மிக்கெல்ஷ்டாட் ஊரில் 1484ஆம் ஆண்டுக் குறிப்போடு நிற்கும் மர நகர மண்டபம் அந்த வகை. கீழ்த்தளம் திறந்த சந்தை, மேலே மன்றம். இங்கிலாந்தில் இன்று நாம் பார்க்கும் பல கில்டுஹால்களின் பிறப்பு வேறு மாதிரி. அவற்றைக் கட்டியவர்களுக்கு ஊர் நிர்வாகம் முதல் நோக்கமே அல்ல. அவர்கள் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சேர்ந்தவர்கள். நகராட்சி பின்னால் வந்து குடியேறியது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள லெஸ்டர் நகரத்தின் கில்டுஹால் நல்ல உதாரணம்.

கில்டு என்றால் யார்?

கில்டு என்றதும் வியாபாரிகள் சங்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். நெசவாளர், கம்பளி வணிகர், தச்சர் என்று தொழில்வாரியான கில்டுகள் இருந்தன. அவற்றோடு மதக் கில்டுகளும் ஏராளமாக இருந்தன. உறுப்பினர் கட்டணம் கட்டுவார். அவர் இறந்தால் சங்கம் அடக்கத்துக்கு வரும், மெழுகுவர்த்தி ஏற்றும், இறந்த ஆன்மாக்கள் பாவம் தீரும்வரை வேதனைப்படும் இடம் என்று நம்பிய உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து அவர் ஆன்மா சீக்கிரம் விடுபடும்படி குருவானவரை வைத்துப் பூசை செய்விக்கும். அதோடு வருடத்துக்கு ஒருமுறை பெரிய விருந்தும் உண்டு. இந்த விருந்தை வெறும் சாப்பாடு என்று நினைக்கக் கூடாது. ஊரில் யார் பெரிய மனிதர் என்பது அங்கே யார் எங்கே உட்காருகிறார் என்பதில்தான் தெரியும்.

லெஸ்டரில் கார்ப்பஸ் கிறிஸ்டி கில்டு 1343இல் தொடங்கியது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவின் பெயரைத் தாங்கிய சங்கம் அது. புனித மார்ட்டின் ஆலயத்தில் அவர்களுக்கென்று ஒரு பீடம் இருந்தது. தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கொள்ளைநோய் வந்தது. லெஸ்டர் மடத்தில் வாழ்ந்த ஹென்றி நைட்டன் என்ற துறவி தம் வரலாற்றுக் குறிப்பில் சாவுக் கணக்கை எழுதிவைத்தார். புனித லெனார்டு என்ற சின்னப் பங்கில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியைப் பங்கு என்பார்கள்) மட்டும் 380 பேருக்கு மேல், திருச்சிலுவைப் பங்கில் 400 பேருக்கு மேல், புனித மார்கரெட் பங்கில் 700 பேருக்கு மேல். சின்ன ஊருக்கு இது தாங்க முடியாத எண்ணிக்கை. கடைசிச் சடங்குகூட இல்லாமல் செத்தவர்கள் ஏராளம். இப்படி ஒரு காலத்துக்குப் பிறகு, "நீ போனாலும் உனக்காக வேண்டிக்கொள்ள ஆள் இருப்பார்கள்" என்று உறுதி தரும் சங்கத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொத்தும் சேர்ந்தது. சுமார் 1390இல் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே தங்களுக்கென்று ஒரு கூடத்தைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் இன்றைய கில்டுஹாலின் பெருங்கூடம்.

யார்க் நகரத்தில் 1357 முதல் 1361 வரை கட்டிய வணிகர் மண்டபத்தைப் பார்த்தால் இந்தச் சங்கங்களின் மனம் இன்னும் தெளிவாகத் தெரியும். மேலே பெருங்கூடம், அங்கே பேச்சும் விருந்தும். கீழே ஏழைகளும் நோயாளிகளும் தங்கும் மருத்துவ இல்லம். அதை ஒட்டி ஒரு சிற்றாலயம். வியாபாரம், தர்மம், ஜெபம் மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

மரம் எப்படி மண்டபமாகிறது

சரி, இவ்வளவு பணம் வைத்திருந்தவர்கள் ஏன் கல்லில் கட்டவில்லை? சிலர் கட்டினார்கள். லண்டன் கில்டுஹால் 1411இல் தொடங்கிக் கல்லிலேயே எழுந்தது. மற்றபடி, நல்ல கல்லைத் தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவருவது பெரிய செலவு. ஓக் மரம் பக்கத்துக் காட்டிலேயே கிடைத்தது, அதை இழைத்துச் சேர்க்கத் தெரிந்த தச்சர்களும் ஊரிலேயே இருந்தார்கள். மரக் கட்டடம் ஏழைக் கட்டடம் என்ற எண்ணம் அன்று கிடையாது.

முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று: இந்தக் கட்டடங்களில் சுவர் எதையும் தாங்குவதில்லை. எடை முழுவதையும் சட்டகம்தான் தாங்குகிறது. தரையில் கல் வரிசை ஒன்று, ஈரம் ஏறாமல் இருக்க. அதன் மேல் கிடைமரம். அதில் தூண்கள். தூண் தலைகளை நீளவாக்கில் இணைக்கும் உத்திரம், எதிரெதிர்த் தூண்களைக் குறுக்கே பிணைக்கும் விட்டம், அதற்கு மேல் கைமரங்கள். தூணும் விட்டமும் சேரும் மூலையில் சாய்வாக ஒரு தாங்குமரம். இந்தச் சாய்மரம் இல்லாவிட்டால் காற்று ஒருபக்கம் தள்ளும்போது சதுரம் சரிந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தைச் சரிக்க முடியாது. மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது.

சட்டகத்தின் இடைவெளிகளை அடைப்பது தனி வேலை. ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்ற செடியின் மெல்லிய கழிகளை அவற்றுக்கிடையே பின்னிப் படலாக்குவார்கள். களிமண்ணும் வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்துக் குழைத்து இருபக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு. நம்மூர் மண்சுவர் வீட்டைக் கட்டியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, குளிரைத் தவிர.

மரத்தை உலர்த்திப் பக்குவப்படுத்திப் பிறகு கட்டினார்கள் என்று நினைப்போம். இல்லை. ஓக் மரத்தைப் பச்சையாகவே வெட்டி, பச்சையாகவே இழைத்து, பச்சையாகவே நிறுத்தினார்கள். உலர்ந்த ஓக் இரும்பு மாதிரி, அன்றைய உளிக்கும் வாய்ச்சிக்கும் எளிதில் மசியாது. கட்டிய பிறகு அது நின்ற இடத்திலேயே மெல்ல உலரும். உலரும்போது சுருங்கும், முறுக்கும். இப்போது நாம் ரசிக்கும் அந்தக் கோணல் வயதால் மட்டும் வந்ததல்ல. அதில் ஒரு பகுதி கட்டி முடித்த முதல் சில வருடங்களிலேயே வந்துவிட்டது.

இப்படிச் சுருங்கும் மரத்தில் மூட்டுகள் கழன்றுவிடாதா? அதற்குத்தான் கழுந்தும் துளையும். ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கிக் கழுந்தாக்கி, இன்னொன்றில் வெட்டிய துளைக்குள் செருகுவார்கள். பிறகு இரண்டையும் ஊடுருவி ஒரு ஓக் முளையை அடிப்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் போடும் முளைத்துளையை மற்ற மரத்தின் துளைக்கு நேராகப் போடாமல் கழுந்தின் அடிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். முளை இறங்கும்போது வேறு வழியில்லாமல் கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். இரும்பு ஆணி ஏன் இல்லை என்றால், ஓக் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். சில நூறு ஆண்டு நிற்க வேண்டிய மூட்டில் ஆணியை நம்ப முடியாது.

இந்த வேலை கட்டட மனையில் நடக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தச்சுக் களத்தில் மரங்களைத் தரையில் படுக்கவைத்து, ஒவ்வொரு சட்டகத்தையும் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு எண் வெட்டி, பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மனையில் நிறுத்துவார்கள். எண்கள் ரோமானிய எண்கள், ஏனென்றால் உளியால் நேர்கோடுதான் வெட்ட வரும். நான்கை நான்கு கோடாகவே வெட்டியிருப்பார்கள், குறுக்குவழி எல்லாம் கிடையாது. கையால் செய்த மரத்தில் எந்த இரண்டு மூட்டும் ஒன்றுபோல் இருக்காது. ஏழாம் கழுந்து ஏழாம் துளையில்தான் உட்காரும். இந்தக் குறிகளை இங்கிலாந்தின் பல பழைய மரக் கட்டடங்களில் இன்றும் பார்க்கலாம்.

லெஸ்டர் பெருங்கூடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், இரு பக்கச் சுவர்களிலிருந்தும் வளைந்து எழும் கனத்த மரங்கள் கூரையைத் தாங்கி நிற்பது தெரியும். இப்படி வளைந்த மரத்தை யாரும் வளைத்துச் செய்யவில்லை. வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒன்றுக்கொன்று ஜோடியான இரண்டு வளைவுகள் கிடைக்கும். காட்டில் மரம் நிற்கும்போதே அதற்குள் தாங்குமரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல தச்சர்.

இந்த மாதிரிக் கூடத்தை அங்கணக் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு ஜோடித் தூணுக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைப்பட்டது ஓர் அங்கணம். பணம் வந்தால், ஆள் பெருத்தால், கடைசி அங்கணத்துக்கு அடுத்து இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். லெஸ்டரிலும் அதுதான் நடந்தது. 15ஆம் நூற்றாண்டில் கூடம் நீண்டது, பிறகு முற்றத்தைச் சுற்றி மற்றப் பகுதிகளும் எழுந்தன. உளுத்த மரத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரத்தை ஒட்டுப் போடலாம், சுவரைப் பிரித்து ஜன்னல் வைக்கலாம், சட்டகம் அசையாது. இந்த வளைந்துகொடுக்கும் குணம்தான் பின்னால் வந்த எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் வசதியாகப் போனது என்பது என் எண்ணம்.

ஜெபச் சங்கத்திலிருந்து நகராட்சிக்கு

ஊரின் பணக்கார வணிகர்கள்தான் கில்டின் உறுப்பினர்கள். மேயரும் மன்றத்தாரும் அதே ஆட்கள். ஆகவே மன்றக் கூட்டத்தையும் கில்டுக் கூடத்திலேயே நடத்தத் தொடங்கியதில் அதிசயம் இல்லை. 1489இல் நாடாளுமன்றம் லெஸ்டர், நார்த்தாம்ப்டன் ஊர்களுக்கு ஒரு சட்டம் போட்டது. மேயரும் 24 பேரும் சேர்ந்து ஊராரில் 48 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்தலில் அவர்கள் மட்டும்தான் பேசலாம். கூட்டம் கூடினால் கூச்சல் வருகிறது, அதனால் இந்த ஏற்பாடு என்பது காரணம். அதாவது ஊர் முழுவதும் திறந்தவெளியில் கூடிய காலம் போய், எழுபது சொச்சம் பேர் ஒரு கூடத்துக்குள் முடிவெடுக்கும் காலம் வந்தது.

பிறகு, இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகிய மதச் சீர்திருத்தம் வந்தது. உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று அரசு சொன்ன பிறகு, அதற்காகப் பூசை வைக்கும் சங்கம் எதற்கு? ஆறாம் எட்வர்டு ஆட்சியில், 1547ஆம் ஆண்டுச் சட்டம் மதக் கில்டுகளை ஒழித்து அவற்றின் சொத்தை அரசரிடம் சேர்த்தது. கார்ப்பஸ் கிறிஸ்டி கில்டும் போயிற்று. கூடம் நின்றது. 1563இல் லெஸ்டர் நகராட்சி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. தங்கள் தாத்தாக்கள் கட்டிய கூடத்தைப் பேரன்கள் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரிலும் ஏறக்குறைய இதே கதை. அங்கே திருச்சிலுவைக் கில்டு 1417க்கும் 1420க்கும் இடையில் மரக் கூடம் கட்டியது, கில்டு ஒழிந்தது, 1553இல் ஊருக்கு நகராட்சி உரிமை கிடைத்ததும் கூடம் அதன் கைக்கு வந்தது. யார்க் வணிகர்கள் மட்டும் தப்பித்தார்கள். தங்களை முதன்மையாகத் தொழிற்சங்கமாகக் காட்ட அவர்களால் முடிந்தது. 1581இல் முதலாம் எலிசபெத்திடம் புது உரிமைப் பட்டயமும் பெற்றார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, மண்டபமும் இன்றும் அவர்களுடையதுதான். கீழ்த்தள மருத்துவ இல்லம் 1900 வரை ஓடியது.

கூடத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது

லெஸ்டரில் நகராட்சி வாங்கிய கையோடு மேயருக்கென்று ஓர் அறை தயாரானது. அங்கே கணப்படுப்புக்கு மேலே செதுக்கி வண்ணமடித்த மரவேலை 1637ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெருங்கூடத்தில் மன்றம், விருந்து, நீதிமன்றம். 1632இல் புனித மார்ட்டின் ஆலயத்திலிருந்த ஊர் நூலகத்தையும் இங்கே கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் மிகப் பழைய பொது நூலகங்களில் அதுவும் ஒன்று.

நாடகக் குழுக்களும் வந்தன. ஊருக்குள் வரும் குழு முதலில் மேயரைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் முதல் ஆட்டம் மேயர் முன்னால்தான். 1584இல் லெஸ்டருக்கு வந்த வொர்ஸ்டர் பிரபுவின் குழு இதில் ஒரு ரகளை செய்தது. அப்போது ஆட வேண்டாம் என்று சொன்ன மேயர், சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பொன் நாணயமும் கொடுத்து அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை. முரசும் எக்காளமுமாக ஊர்வலம் போனார்கள், "மேயர் என்ன சொன்னாலும் ஆடுவோம்" என்று வீம்பு பேசினார்கள். பிறகு பிரபுவுக்குக் கடிதம் போய்விடும் என்ற பயத்தில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். நாடகம் தொடங்கும் முன் மேடையிலும் மன்னிப்புச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அந்தக் குழுவில் இருந்த எட்வர்டு ஆலின் என்ற இளைஞர் பின்னாளில் லண்டனின் பெரும் நடிகரானார். ஷேக்ஸ்பியரும் கில்டுஹாலில் நடித்தார் என்று லெஸ்டரில் சொல்வார்கள். அது ஊர்ப் பெருமைக்காகச் சொல்லும் கதை. ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் உள்ள தொடர்புக்கு ஆவணம் உண்டு. 1568-69இல் அங்கே நகரத் தலைவராக இருந்தவர் அவர் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர். அந்த ஆண்டு அரசியின் குழுவுக்கு ஒன்பது ஷில்லிங்கும் வொர்ஸ்டர் பிரபுவின் குழுவுக்கு ஒரு ஷில்லிங்கும் ஊர்ப் பணத்திலிருந்து போயிருக்கிறது.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் கூடம் வேறு விதமான வருகையாளர்களைக் கண்டது. 1642இல் அரசர் தரப்பு இளவரசர் ரூபர்ட் 2000 பவுண்டு கேட்டுக் கடிதம் அனுப்பினார். லெஸ்டர்க்காரர்கள் 500 பவுண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1645 மே மாதக் கடைசியில் அரசர் படை மதிலை உடைத்து உள்ளே வந்தது, கில்டுஹாலும் கொள்ளைக்குத் தப்பவில்லை. மூன்று வாரத்துக்குள் நேஸ்பி போரில் அரசர் தோற்க, ஊர் மறுபடியும் நாடாளுமன்றத் தரப்பின் கைக்கு வந்தது.

அடுத்த இரு நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். கூட்டம், விருந்து, மறுபடி கூட்டம். 1835இல் நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, வரி கட்டும் ஆண்களின் வாக்கால் மன்றம் அமைந்தது. லெஸ்டரில் சீர்திருத்தக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் பிடித்தார்கள். பழைய மன்றத்தின் ஆடம்பரம் அவர்கள் கண்ணை உறுத்தியது. 1836இல் விருந்துப் பாத்திரங்களை ஏலம் போட்டார்கள், மேயரின் செங்கோலையும் விற்றார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் செங்கோலைப் பிற்காலத்தில் வந்தவர்கள் திரும்பத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஊருக்கு முதல் காவல் படை அமைந்தது. லண்டன் காவலிலிருந்து வந்த ஃபிரெடெரிக் குட்யர் அதற்குத் தலைவர். நிலையம் கில்டுஹால்தான். விருந்து நடந்த கட்டடத்திலேயே இப்போது பூட்டிய அறைகள். அந்தச் சிறை அறைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தொழிற்சாலைகளால் ஊர் பெருத்தது, கூடம் போதவில்லை. 1876இல் புதிய நகர மண்டபம் திறந்ததும் மன்றம் கிளம்பிப் போய்விட்டது. அதன் பிறகுதான் கட்டடத்துக்கு உண்மையான ஆபத்து. போர்கூடச் செய்யாததைப் பூட்டிய கதவும் ஒழுகும் கூரையும் செய்யும். 1920களின் தொடக்கத்தில் இடித்துவிடலாமா என்ற பேச்சுக்கூட வந்தது. உள்ளூர் தொல்லியல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நகராட்சி மனம் மாறிப் பழுது பார்த்து 1926இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அடுத்த ஆண்டே பக்கத்துப் புனித மார்ட்டின் ஆலயம் பேராலயமாக உயர்ந்தது. 2012இல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கண்டெடுத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகளை 2015இல் மறுபடி அடக்கம் செய்தது அங்கேதான். அதனால் இப்போது கில்டுஹால் பக்கம் கூட்டம் அதிகம்.

பார்க்கப் போனால்

இந்த வகைக் கட்டடம் எதைப் பார்த்தாலும், கறுப்பு வெள்ளைத் தோற்றத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஓக் மரம் வெயிலிலும் மழையிலும் தானாகவே வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். பல இடங்களில் மரத்தின் மேலேயும் சேர்த்துத்தான் சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்புப் பூச்சு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை.

எந்த மரம் பழையது, எது ஒட்டுப் போட்டது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளரும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் தடிமன், வறண்ட ஆண்டில் மெலிவு. இந்தத் தடிமன் மெலிவு வரிசையை ஏற்கெனவே காலம் தெரிந்த மர வரிசையோடு ஒப்பிட்டால், மரத்தின் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால், வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். பச்சை மரத்தில் கட்டியவர்கள் என்பதால், வெட்டிய ஆண்டு தெரிந்தால் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய தெரிந்த மாதிரிதான்.

லெஸ்டர் கில்டுஹாலில் இப்போதும் கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன, கல்யாணத்துக்கும் கூடத்தை வாடகைக்கு விடுகிறார்கள்.